உட்கார்ந்தால் தெரியும்

முன்னொரு காலத்தில், நாற்காலி என்பது பெரிய மனிதர்களுக்கு மட்டுமே சொந்தமாக இருந்த காலத்தில், வெயிலாண்டபுரம் என்று ஒரு நாடு இருந்தது. பெயருக்கு ஒரு ராஜா அதை ஆண்டார். உண்மையில் ஆண்டது வெயில்தான். சித்திரை பிறந்துவிட்டால் கோட்டைச் சுவரில் ஒட்டிவைத்த அப்பளம் பொரியும். குளத்து மீன் கரையேறி வந்து, நிழல் எந்தப் பக்கம் என்று வழி கேட்கும். சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி வெயிலே உங்களுக்குப் போதும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரையில் பாடசாலைக்கு நாற்பது நாள் விடுமுறை. பதினாறு வயது நிரம்பிய பிள்ளைகள் அந்த நாற்பது நாளும் ஏதாவது ஒரு வேலைக்குப் போக வேண்டும். எந்த வேலை என்பதை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். அதற்காகச் சித்திரை முதல் மூன்று நாளும் கோட்டை மைதானத்தில் வேலைச் சந்தை கூடும். மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். சொல்லாதவர்களுக்கு ராஜாவே ஒரு வேலை கொடுப்பார். அது பெரும்பாலும் யானைக் கொட்டாரத்தில் இருக்கும். யானைக்கு முன்பக்கம் இல்லை, பின்பக்கம்.

அந்த வருடம் பதினாறு நிரம்பியவர்களில் வேம்பு என்று ஒரு பெண் இருந்தாள். அவள் குடும்பத்தில் பாடசாலைக்குப் போய்ப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள், இன்னொன்று அவள் அண்ணன் பூவரசு. அதனால் எந்த முடிவை எடுப்பதற்கு முன்னாலும் வேம்புக்கு ஆயிரம் பயம். தப்பாகிவிட்டால்? அப்பா முகம் வாடிவிட்டால்? ஊர் சிரித்துவிட்டால்? இப்படிக் கவலைகளை விரல்விட்டு எண்ணுவாள். கைவிரல் பத்தும் தீர்ந்து கால்விரலுக்கு இறங்கிவிடுவாள்.

அவள் அப்பா மாடக்கண்ணு கோட்டை வாசல் காவலாளி. முப்பது வருடமாக ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வீங்கிய கால்கள் இரண்டையும் உப்புப் போட்ட வெந்நீரில் வைத்துக்கொள்வார். அம்மா சடைச்சி நாற்று நடுகிறவள். நாளெல்லாம் குனிந்தே இருந்ததால் நிமிர்ந்து நிலாவைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது.

"நான் நின்னே தீர்ந்தேன். உங்கம்மா குனிஞ்சே தீர்ந்தா. நீங்களாவது உட்காருங்க, தாயி" என்பார் மாடக்கண்ணு.

அந்த ஊரில் ஒரு வேலை நல்ல வேலையா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான். உட்கார்ந்து பார்க்கிற வேலையா, இல்லையா? மாப்பிள்ளை பார்க்க வந்தாலும் அதையே கேட்பார்கள்.

போன வருடம் பூவரசுக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தது. அரண்மனைத் தெருவில் சுகாசனர் என்ற பெரியவரின் மண்டபத்தில். நாற்பது நாள் முடிந்தும் அவன் திரும்பவில்லை. ஆனால் மாதம் தவறாமல் மண்டபத்திலிருந்து ஒரு சேவகன் வந்து செய்தி சொல்லிவிட்டுப் போனான்.

"உங்கள் மகன் பெரிய இடத்தில் இருக்கிறான். அவன் இல்லாவிட்டால் பெரிய மனிதர்கள் யாரும் அங்கே உட்காருவதே இல்லை."

மாடக்கண்ணு அதைக் கேட்டு ஈட்டியோடு சேர்ந்து ஒரு முழம் வளர்ந்துவிடுவார். சடைச்சிதான் சோற்றைப் பிசைந்துகொண்டே முணுமுணுப்பாள்.

"பெரிய மனுஷங்க முன்னாடி காலை ஆட்டாம இருக்கானோ என்னவோ. உட்கார்ந்தா காலை ஆட்டாம அவனால இருக்க முடியாது. அது ஒண்ணுதான் எம் பிள்ளைகிட்ட குறை."

சந்தையின் முதல் நாள். மூன்று வேலைகளுக்குத்தான் கூட்டம் அதிகம். வேம்பு ஜாக்கிரதைக்காரி. நாளுக்கு ஒன்றாக மூன்றையும் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று வைத்துக்கொண்டாள்.

முதல் வேலை அரண்மனையில். பதவியின் பெயர் 'கொட்டாவிக் காவலர்'. இளவரசர் கொட்டாவி விடும்போது வாய்க்குள் கெட்ட காற்று போகாமல் இருக்க யாராவது சொடக்குப் போட வேண்டும் அல்லவா? இளவரசர் தாமே சொடக்குப் போட்டால் விரல் நோகும். அதற்காக ஏழு காவலர்கள் வரிசையில் நின்றார்கள். வேம்பு எட்டாவதாக நின்றாள்.

காலையில் இளவரசர் ஒரு கொட்டாவி விட்டார். முதல் ஆள் சொடக்குப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மத்தியானம் ஒன்று. இரண்டாம் ஆள் போட்டார். சாயங்காலம் வாயைத் திறந்தார். மூன்றாம் ஆள் பாய்ந்து போனார். பார்த்தால் அது தும்மல். மூன்றாம் ஆளின் தலைப்பாகை பறந்துபோய் ஜன்னலில் தொங்கியது.

வேம்பு பக்கத்தில் நின்ற மீசைக்காரக் காவலரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, என் முறை எப்ப வரும்?"

"நான் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. தினமும் முதல் ஆள்ல இருந்துதான் தொடங்குவாங்க, எனக்கு ரெண்டு தடவைதான் வந்திருக்கு. ஒரு தடவை விரல் வழுக்கிடுச்சு." மீசைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கு நான் வரலைன்னா என்ன ஆகும்?"

மீசைக்காரர் யோசித்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். "ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஏன் தங்கச்சி இதையெல்லாம் கேக்கிறே? நாலு வருஷமா நான் நிம்மதியா இருந்தேன்."

அன்று முழுவதும் சொடக்கு ஒன்றும் போடாமலே வேம்புக்கு விரல் வலித்தது.

இரண்டாம் நாள், தங்கப்பழத்தின் சமையல் குழு. தங்கப்பழம் என்றால் கல்யாண வீடுகளில் அடுப்பு தானாகப் பற்றிக்கொள்ளும் என்று பேச்சு. குரல் அப்படி. அவள் "உப்பு!" என்று கத்தினால் பக்கத்து ஊரில் யாராவது உப்பை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அன்று எண்ணெய்ச் செக்குக்காரர் வீட்டில் புதுமனை புகுவிழா. தங்கப்பழம் வேம்பின் கையில் ஒரு ரச வாளியைக் கொடுத்தாள்.

"பெரிய படிப்பு படிச்சிருக்கியாமே. சாம்பாருக்குப் பின்னாலதான் ரசம். அது தெரியுமா?"

"தெரியும், அக்கா."

தெரியும்தான். ஆனால் படபடப்பில் முதல் இலைக்குச் சாம்பார் வருவதற்கு முன்னாலேயே ரசத்தை ஊற்றிவிட்டாள். பந்தியே நிமிர்ந்து பார்த்தது. அந்த இலையில் சோற்றுக்கு நடுவே குழி வெட்டி வைத்துக்கொண்டு சாம்பாருக்காகக் காத்திருந்தவர், குழிக்குள் ரசம் நிற்பதைப் பார்த்து, "குளம் நிரம்பிடுச்சு, மீனைத்தான் காணோம்" என்றார். பந்தி சிரித்தது. வேம்புக்குக் காது சுட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பதினாறாம் இலையில் ஓர் அக்கா தலையைத் தூக்குவதும் குனிவதுமாக இருந்தாள். ரசம் வேண்டும். கேட்கக் கூச்சம். வேம்பு நேராகப் போய் ஊற்றினாள். அந்த அக்கா முதல் வாய் சாப்பிட்டதும் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். வேம்புக்கு வாளி கொஞ்சம் இலேசானது.

இன்னொன்றையும் அன்றைக்கு அவள் பார்த்தாள். பந்தலின் மூலையில் ஒரு கிழவர். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். கையில் இரண்டு ஊன்றுகோல். "என்னால ஓர் அடி எடுத்து வைக்க முடியாதுப்பா" என்று முனகிக்கொண்டே இருந்தார். தங்கப்பழம் பந்தல் நடுவில் வந்து நின்று முழங்கினாள்.

"இலை போட்டாச்சு! முதல் பந்திக்கு ஒரு இலைதான் பாக்கி!"

கிழவரைக் காணவில்லை! அம்மிக்கல்லைத் தாண்டி, இரண்டு குழந்தைகளைச் சுற்றி, கடைசி இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல்கள் இரண்டையும் பேரன் பின்னால் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அது எப்படி அக்கா?" என்று வாய் பிளந்தாள் வேம்பு.

"கல்யாணத்துக்கு வந்தவனை ராஜா கூப்பிட்டா எழ மாட்டான். வீடு பத்திக்கிட்டா எழ மாட்டான். கடைசி இலையில அடுத்தவன் துண்டு போடப் போறான்னு தெரிஞ்சா, செத்தவன்கூட எழுந்து ஓடுவான்" என்றாள் தங்கப்பழம். இடம் பிடிக்கத் துண்டு போடுவதும், துண்டு போட்டவனுக்கே இடம் என்பதும் அந்த நாட்டின் ஆதிச் சட்டம்.

வேலை முடிந்ததும் வேம்பு கேட்டாள். "நாளைக்கு நான் வரலைன்னா என்ன ஆகும், அக்கா?"

"பதினாறாம் இலைக்கு ரசம் வராது. அவ கூச்சப்பட்டுக் கேக்கவும் மாட்டா. வெறுஞ்சோத்தைத் தின்னுட்டு எழுந்து போவா. வேற என்ன ஆகும்? ராஜ்ஜியமா கவுந்துடும்?" என்று தங்கப்பழம் வாளியைக் கவிழ்த்தாள். "நாளைக்கு அரண்மனைத் தெருவுல சேனாபதி மக கல்யாணம். ராஜாவே பந்தியில உட்காருறார். வர்றதா இருந்தா வா, வராட்டி ஆள் அனுப்பிச் சொல்லு."

வீட்டில் சொன்னபோது மாடக்கண்ணு வெந்நீரிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"பரிமாறுற வேலையா? நிக்கவும் செய்யணும், குனியவும் செய்யணும். எங்க ரெண்டு பேர் கஷ்டத்தையும் சேர்த்து ஒரே வேலையில வச்சிருக்காங்களே, தாயி! அதுக்கா படிச்சே?"

வேம்பு அப்பாவின் கால்களைப் பார்த்தாள். ஈரத்தில் அவை இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

"நாளைக்குச் சுகாசனர் மண்டபத்துக்குப் போறேம்ப்பா. அண்ணனையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்றாள்.

மூன்றாம் நாள் காலை மாடக்கண்ணு முப்பது வருடத்தில் முதல் தடவையாக விடுப்பு எடுத்தார். துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மகளுடன் அரண்மனைத் தெருவுக்குப் போனார். மண்டபத்து வாசலில் தண்டோரா முழங்கிக்கொண்டிருந்தது.

"நிழல் உண்டு, நாற்காலி உண்டு! விசிறி உண்டு, மோர் உண்டு!"

"என்ன வேலை?" என்று கேட்டாள் வேம்பு.

"உட்கார்ந்தால் தெரியும்" என்றான் தண்டோராக்காரன். அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே விட்டான்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. சுவரோரமாக நாற்காலிகள். முப்பத்தொன்பது. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. நடுவில் ஒரு சிம்மாசனம். அதில் சுகாசனர். அவர் முழங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிலந்தி வலை கட்டி, பேரன் பேத்தி எடுத்திருந்தது. பெரியவர் என்று ஊரார் நினைத்தாலும் அவர் உண்மையில் ஒரு மந்திரவாதி. உட்கார்ந்து நூறு வருடம் ஆயிற்று. ஒருமுறைகூட எழுந்ததில்லை.

"என்ன வேலை, ஐயா?" என்று கேட்டாள் வேம்பு.

"உட்கார்ந்தால் தெரியும்" என்றார் சுகாசனர்.

"என் அண்ணன் பூவரசு இங்கேதான் இருக்கான். எங்கே ஐயா அவன்?"

"உட்கார்ந்தால் தெரியும்."

வேம்பு கைவிரல் பத்தையும் எண்ணிவிட்டாள். கால்விரலுக்கும் வந்துவிட்டாள். வேலை என்னவென்று சொல்லாத வேலை. ஆனால் வாசலில் அப்பா நிற்கிறார், வீங்கிய காலோடு, துவைத்த துண்டோடு. அப்பாவுக்காக அவள் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் கேட்டாள். "நாளைக்கு நான் வராவிட்டால் என்ன ஆகும், ஐயா?"

சுகாசனர் சிரித்தார். சிலந்திகள் ஆடின. "நீ எப்படி வராமல் போவாய்? நாளைக்கும் இங்கேதான் இருப்பாய். நாளை மறுநாளும் இங்கேதான் இருப்பாய். நீ சேர்ந்தால் எனக்கு நாற்பது. செட்டு முழுமையாகிவிடும்!"

வேம்பு எழப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்து பார்த்தாள். கால்விரல் பத்தும் மரமாகியிருந்தன. இனிமேல் கவலையை எண்ணக்கூட விரல் இல்லை.

அப்போது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடது கால் லொடலொடவென்று ஆடத் தொடங்கியது. தரை சமமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. பதினைந்து வருடப் பழக்கத்தில் அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"சும்மா காலை ஆட்டாதேண்ணா!"

நாற்காலி சட்டென்று நின்றது. பிறகு அடியிலிருந்து ஒரு மரக்குரல் கேட்டது. "வேம்பா? நீயா? என்ன இவ்வளவு கனமாயிட்டே!"

"அண்ணா! உன்மேலயா நான் உட்கார்ந்திருக்கேன்?"

"நேத்து வரைக்கும் மளிகைக்கடை முதலாளி உட்கார்ந்தார். அவருக்கு நீயே தேவலாம்னு சொல்லணும்." பூவரசு கிசுகிசுத்தான். "கேளு. வேலைக்குன்னு உட்கார்ந்தவங்க எல்லாம் இங்க நாற்காலிதான், மரம் தலைக்கு ஏறிட்டா நீயும் ஆயிடுவே. அந்த மந்திரவாதி எழுந்தாத்தான் நாங்க எல்லாரும் எழ முடியும். ஆனா அவன் நூறு வருஷமா எழுந்ததில்லை."

"இதை ஏன் நீ யார்கிட்டயும் சொல்லலை?"

"நாற்காலிகிட்ட யாரு பேசுறா? உட்காருறாங்க, போறாங்க."

மரம் கணுக்காலுக்கு ஏறியது. வேம்பு யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். இருந்தாலும் முயன்றாள்.

"ஐயா! ராஜா உங்களைப் பார்க்க வருகிறார்! எழுந்திருங்கள்!"

"வரட்டுமே. அவரும் உட்காரத்தானே வருகிறார்" என்றார் சுகாசனர்.

மரம் முழங்காலுக்கு ஏறியது.

"ஐயா! உங்கள் சிம்மாசனத்துக்கு அடியில் கட்டெறும்பு! வரிசையாக வருகிறது! எழுந்திருங்கள்!"

சுகாசனர் விரலைச் சொடுக்கினார். சிம்மாசனத்தைச் சுற்றி வட்டமாக நெருப்பு எழுந்து அணைந்தது. "இருந்திருந்தால் செத்திருக்கும். இல்லாவிட்டால் உனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை" என்றார்.

மரம் இடுப்புக்கு ஏறியது. வேம்புக்கு அழுகை வந்தது. சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். அதற்கு வெளியேதான் அப்பா நிற்கிறார். பொய் இல்லாமல், மனதில் இருந்ததை அப்படியே கேட்டாள்.

"ஐயா, நான் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று என் அப்பா முப்பது வருடம் நின்றார். நான் உட்கார்ந்திருப்பதை அவர் ஒரு தடவை பார்க்கட்டும். அந்த ஜன்னலை மட்டும் திறப்பீர்களா?"

சுகாசனருக்குத் தற்பெருமை பொங்கியது. "பார்க்கட்டும்! ஊரே பார்க்கட்டும்!" என்று கைதட்டினார். நூறு வருடமாகச் சாத்தியிருந்த ஜன்னல் படாரென்று திறந்தது.

வெளிச்சம் வந்தது. வெயில் வந்தது. கூடவே ரசம் வந்தது. எதிர்ப் பந்தலில் சேனாபதி மகள் கல்யாணம். பெருங்காயமும் கறிவேப்பிலையும் நெய்யில் வறுத்த முந்திரியும் ஒன்றன்பின் ஒன்றாக மண்டபத்துக்குள் நுழைந்து சுகாசனரின் மூக்கின் முன்னால் வரிசையில் நின்றன.

"அ... அது என்ன வாசனை?" என்றார் சுகாசனர். நூறு வருடமாக அவர் மந்திர மாத்திரை தின்று வாழ்ந்தவர்.

வேம்பின் மூளையில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை பொய்யே தேவைப்படவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததை அப்படியே சொன்னாள்.

"பந்தி, ஐயா. தங்கப்பழம் சமையல். அவியல் வைக்கிறாங்க. உருளைக்கிழங்குப் பொரியல் வைக்கிறாங்க."

"இங்கே கொண்டுவரச் சொல்!"

"பந்தியை யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாங்க, ஐயா. நாமதான் போகணும். முதல் பந்தி நிரம்பிட்டே வருது. அஞ்சு இலை பாக்கி. வடை வைக்கிறாங்க. மூணு இலை பாக்கி."

சுகாசனர் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "நான் எழ மாட்டேன். நூறு வருடம்! நான் எழ மாட்டேன்!"

மரம் கழுத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் எதிர்ப் பந்தலிலிருந்து இடி இடித்தது. தங்கப்பழத்தின் குரல்.

"இலை போட்டாச்சு! ஒரு இலைதான் பாக்கி! ஏ காவக்கார அண்ணாச்சி, அங்க என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க? வந்து உட்காருங்க!"

மாடக்கண்ணு ஜன்னலில் தலை மட்டும் தெரிந்த மகளைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். தயங்கித் தயங்கிப் போய்த் தோள்துண்டை எடுத்தார்.

வேம்பு கடைசி மூச்சைக் கூட்டிக் கத்தினாள். "ஐயா! கடைசி இலையில ஒருத்தர் துண்டு போடுறார்!"

"ஏய்! எடு துண்டை! அது என் இடம்!"

சுகாசனர் எழுந்துவிட்டார்! எழுந்தது மட்டுமா? ஜன்னலைத் தாண்டிக் குதித்து, சிலந்தி வலை வேட்டிபோலப் பின்னால் பறக்க, தெருவைக் கடந்து பந்திக்குள் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். சிம்மாசனம் காலியாக இருந்தது. அதிலிருந்து ஒரு புகை கிளம்பி, கொட்டாவிபோல நீண்டு, காற்றில் போய்விட்டது.

மண்டபத்துக்குள் மடமடவென்று சத்தம். நாற்காலிகள் முதுகை நிமிர்த்தின. கைப்பிடிகள் கைகள் ஆயின. முப்பத்தொன்பது பிள்ளைகள் "அம்மாடி, இடுப்பு!" என்று ஒரே குரலில் எழுந்தார்கள். வேம்பு கழுத்திலிருந்து கால்விரல் வரைக்கும் மறுபடியும் பெண் ஆனாள். அவளுக்குக் கீழே நசுங்கிக் கிடந்த பூவரசு, "இப்பவாவது எழுந்திரு, தாயே" என்றான்.

எதிர்ப் பந்தலில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. கடைசி இலையின் ஒருபுறம் மாடக்கண்ணு, மறுபுறம் சுகாசனர். முதல் இலையில் ராஜா. பந்தியில் பாதியில் எழக்கூடாது என்பதால் ராஜா அவியலில் கை வைத்தபடியே விசாரித்தார். நடந்ததைப் பூவரசு சொன்னான். முப்பத்தெட்டுப் பேர் சாட்சி சொன்னார்கள். இரண்டு சேவகர்கள் சுகாசனரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"துண்டு போட்டவருக்கே இடம்" என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். "இந்த மந்திரவாதி எத்தனை வருடம் உட்கார்ந்தானோ, அத்தனை வருடம் நிற்கட்டும்."

"நிக்கிறது நிக்கிறே, கையில இதையும் பிடி" என்று தங்கப்பழம் ஒரு சாம்பார் வாளியைச் சுகாசனர் கையில் கொடுத்தாள். "ஆளை முழுங்குறவனுக்கு ஆளுக்குச் சோறு போடவும் தெரியட்டும். ஏலே, முப்பத்தொன்பது இலை கூடுதல்! அடுப்பை மூட்டுங்க!"

வேம்பு இதற்குள் ரச வாளியைத் தூக்கிவிட்டாள். நேராகக் கடைசி இலைக்குப் போனாள். மாடக்கண்ணு சோற்றில் குழி வெட்டிவிட்டு நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ரசத்தின் ஆவி என்று வைத்துக்கொள்ளலாம்.

"உன்னைப் போய் அங்க உட்காரச் சொன்னேனே, தாயி" என்றார்.

"நீங்க இங்க உட்கார்ந்ததாலதான்ப்பா நான் அங்கிருந்து எழுந்தேன்" என்றாள் வேம்பு. "சூடா இருக்கு, பார்த்துச் சாப்பிடுங்க."

ராஜா ஏப்பம் விட்டு, இலையை மடித்து, கை கழுவிவிட்டு வந்தார். "பெண்ணே, உனக்குப் பரிசு தர வேண்டும். ஆயுள் முழுவதும் கொட்டாவிக் காவலர்களுக்கு நீதான் தலைவி!"

வேம்பு கைவிரல்களை எண்ணத் தொடங்கினாள். ராஜாவிடம் இதைக் கேட்கலாமா? கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு நான் வராவிட்டால் என்ன ஆகும், மகாராஜா?"

ராஜா யோசித்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். நல்ல ராஜா, பொய் சொல்லவில்லை. "ஒன்றும் ஆகாது" என்றார்.

"அப்படியென்றால் எனக்கு அது வேண்டாம், மகாராஜா. நாற்பது நாளும் ரச வாளியே போதும். பரிசாக ஏதாவது தருவதென்றால், அந்தக் காலி சிம்மாசனத்தைத் தாருங்கள். அதில் மாயம் எல்லாம் போய்விட்டது, பலகையும் மெத்தையும்தான் மிச்சம். அதைக் கோட்டை வாசலில் போட வேண்டும். காவலுக்குக் கண்தானே வேண்டும்? கால் எதற்கு?"

முப்பது வருடமாக அந்த வாசல் வழியாகப் போய்வந்த ராஜாவுக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கப்பட்டு, உடனே ஆணையிட்டார்.

மறுநாள் காலை கோட்டை வாசலில் சிம்மாசனம் போடப்பட்டது. மாடக்கண்ணு உட்கார்ந்தார். ஒரு மாட்டுவண்டி வந்தது, பழக்கத்தில் எழுந்துவிட்டார். மறுபடி உட்கார்ந்தார். தயிர்க்காரி வந்தாள், எழுந்துவிட்டார். மறுபடி உட்கார்ந்தார். ஒரு வெள்ளாடு வந்தது, அதற்கும் எழுந்துவிட்டார். மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த சடைச்சி இதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளுங்க" என்று அவரும் எழ முடியாதபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இடுப்பைச் சாய்த்து நிமிர்ந்தாள். பகல் நேரம், நிலா இல்லை. இருந்தாலும் மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த கல்யாண வீட்டுக்கு ரச வாளியோடு வேம்பு அந்த வழியாகத்தான் போனாள். பின்னால் இலைக்கட்டைச் சுமந்து பூவரசு வந்தான். இனி ஒரு வருடத்துக்கு உட்காருவதில்லை என்று சபதம் செய்திருந்தான். நின்ற இடத்திலேயே காலை ஆட்டினான்.

"எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள் வேம்பு.

மாடக்கண்ணு மெத்தையில் சாய்ந்து, காலை நீட்டி, மீசையைத் தடவிக்கொண்டார்.

"உட்கார்ந்தாத் தெரியும், தாயி!"

அவர் சிரித்தார். சடைச்சி சிரித்தாள். வாசலில் போனவர்கள் எல்லாம் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். ரசம் ஆறிவிடும் என்று வேம்பு ஓடினாள்.

கதை இங்கே இலையை மடிக்கிறது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டவர்களே, எதற்கும் ஒருமுறை எழுந்து பார்த்துக்கொள்ளுங்கள்.